எட்டு வருடப் படங்கள்

ஞாயிறு, தை 18

பூவத்தில் சித்தப்பா வீட்டு விருந்து. சாப்பிட்டதும் இவர் போனை டிவியில் இணைத்து, எட்டு வருடமாக நாங்கள் சுற்றிய ஊர்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். லடாக்கில் இவர், இஸ்தான்புல்லில் இவர், ராஜஸ்தானில் ஒட்டகத்தின் மேல் இவர். சித்தப்பா என் பக்கம் திரும்பி, “நீ கூடப் போகலையாம்மா?” என்று கேட்டார்.

“அவதானே கேமராமேன்!” என்று இவர் சொல்ல, வீடே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் நின்று எடுத்தவள் நான். ஒரு படத்தில்கூட நான் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில், “இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே” என்றார்.

வியாழக்கிழமை எகிப்து. கேமராவைத் துடைத்து இவர் பெட்டியில் வைத்தேன். என் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். அங்கேயும் ஒட்டகம் இருக்குமே, அதனிடம் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும்.