இருபதுக்குப் பதினாலு

அப்பா,

நான் இப்போது குடியிருக்கும் சாரத்தில் நேற்று எதிர்வீட்டுக்காரர் தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தார். மகள் அவர் முதுகுக்குப் பின்னால் பேசாமல் நின்றாள். எனக்கு என் விண்ணப்பம் ஞாபகம் வந்தது. அறுபது வருடம் கழித்தும் அந்த அதிர்ச்சி போகவில்லை.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் இறுதித் தேர்வில் தேறியிருந்தேன். நகராட்சியில், நாம் மேரி என்போமே, அங்கே நீங்கள் எழுத்தர். மெட்ராஸ் கல்லூரிக்கான விண்ணப்பத்தை உங்கள் அழகான கையெழுத்தில் நீங்களே எழுதி அனுப்பினீர்கள். நான் பார்க்கக்கூட இல்லை.

பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. மதிப்பெண் போதாதாம்.

"என்னாடி இது? பதினாலு வாங்கியிருக்க. உங்க கிளாசுல வேற யாரு வாங்கனா?" என்று கத்தினீர்கள்.

வாங்கிப் பார்த்தேன். நம் பள்ளிகளில் இருபதுக்குத்தான் மார்க். பதினாலு வந்தால் தெருவுக்கே மிட்டாய் கொடுப்போம். மெட்ராசிலோ நூற்றுக்கு. இருபதுக்கு என்று நீங்கள் குறிப்பிடவே இல்லை. எங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள்.

"மேரியில இத்தினி வருசமா எழுதறாரு, மார்க்கு எழுதத் தெரியல பாரு," என்று அத்தை சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே தாளில் இன்னொன்றைப் பார்த்துவிட்டேன். படிக்க விரும்பும் பாடம் என்ற இடத்தில் விஞ்ஞானம் என்றிருந்தது. நான் ஆசைப்பட்டது சரித்திரம்.

"நான் இத கேக்கலையேப்பா."

அடி வாங்கியவர் போல என்னைப் பார்த்தீர்கள். "உன்ன கேக்கணும்னே தோணலடி," என்றீர்கள், மெதுவாக.

விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு நான்கே நாள். பள்ளியில் விளக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினீர்கள். கல்லூரி அதிகாரி கடிதத்தைப் படித்தார், பென்சிலால் பெருக்கினார், நிமிர்ந்தார்.

"அட, எழுபது! சயின்சுலயே எடம் தரலாமே. பொண்ண டாக்டராக்கலாம் நீங்க."

உங்கள் கனவே அதுதான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உங்கள் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது. போச்சு என்று நினைத்தேன்.

"அவள கேளுங்க சார்," என்றீர்கள்.

அதிகாரி திகைத்தார். நான் அதைவிட. மேசைமேலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எனக்காகப் பேசவும் இல்லை. காத்திருந்தீர்கள், நான் "சரித்திரம்" என்று சொல்லும்வரை.

முப்பது வருடம் கல்லூரியில் சரித்திரம் நடத்தினேன். விண்ணப்பத்தோடு வரும் பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளையைத்தான் முதலில் கேட்பேன். பிள்ளை தயங்கும். அப்பா வாயைத் திறப்பார். "கொஞ்சம் இருங்க," என்பேன். அந்த ஒரு நிமிடம் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த நிமிடத்தில் நீங்கள் என்னவெல்லாம் விழுங்கினீர்கள் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.