தன்விகாவின் தம்பிக்கு ஒரு பெயர்

அன்புள்ள அண்ணே,

உன் மகனுக்குப் பெயர் வைத்துவிட்டோம். நேரில் கேட்டிருந்தால் முதலில் சிரித்திருப்பாய், பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். தலை இங்கேதான் இருக்கிறது.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைக்கு மழையில் மோட்டார் சைக்கிளில் போன நீ திரும்பி வராதபோது அண்ணிக்கு ஐந்து மாதம். "பையனா இருந்தா பேர நான் பாத்து வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எந்தப் பெயரையாவது மனத்தில் வைத்திருந்தாயா? யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய்.

பிள்ளை பிறந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள். "எம்புள்ள பேருதான் வைக்கணும். மாணிக்கம்னு நான் கூப்பிடணும், ஒரு வாயி என்னான்னு கேக்கணும்."

உன் மூத்தவள் தன்விகா தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி தலையைத் தூக்காமல் அம்மாவிடம், "அத்தே, அக்கா பேரு தன்விகா, தம்பி பேரு மாணிக்கமா? அக்கா தம்பி மாதிரி இருக்காது லா. பேத்தியும் தாத்தாவும் மாதிரி இருக்கும்" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

பழைய பெயர்களை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். அப்பா தோட்டத்து லாரியில் செம்பனைக் குலை ஏற்றியவர். மகன் மாணிக்கம், மகள் மரகதம். பள்ளிக்கூடத்தில் நாம் சேர்ந்து நடந்தாலே, "டேய், நகக்கட வருதுடா!" என்பார்கள். நீ அடிக்கப் போவாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிவேன். பல்கலைக்கழகத்தில் பெயர் வாசித்தபோதெல்லாம் குரல் கொடுக்காமல் கையை மட்டும் தூக்கினேன். "ஒம்பாட்டி பேரா?" என்று அறைத்தோழி கேட்டாள். விளக்கம் சொல்லக் கூச்சப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் தோட்டத்து லயன் வீட்டுப் பின்வாசலிலிருந்து அம்மா நம் இருவரையும் சேர்த்துக் கூப்பிடுவாளே, "மாணிக்கம்! மரகதம்!" என்று? அப்போது அவை பழைய பெயர்களாகவா கேட்டன? இப்போதும் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட வாயெடுத்தால் "மாணி..." என்றுதான் தொடங்குகிறாள். பிறகு நிறுத்திக்கொள்கிறாள். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் போக எனக்குக் கால் வருவதில்லை.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முப்பதாம் நாள் சடங்குக்கு முந்தின மாலை அண்ணியும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். "பழைய பேருன்னு சொன்னதெல்லாம் சும்மா, மரகதம்" என்றார். "அந்தப் பேரச் சொல்லி, கால்ல இருக்குற சப்பாத்தக் கழட்டுடான்னு நான் எப்படித் திட்டுவேன்? நான் கூப்பிட்டு, அவரு வராம வேற ஆளு வந்தா..."

அத்தை முறைக்குப் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் நான். அம்மாவுக்கு அந்தப் பெயர் வேண்டும், அண்ணியால் அந்தப் பெயரைத் தாங்க முடியாது. யாரை அழவைப்பது? நீ இருந்திருந்தால் உன் பின்னால் ஒளிந்திருப்பேன்.

அப்போதுதான் அப்பா நினைவுக்கு வந்தார். மூன்றாவது பிள்ளை பிறந்திருந்தால் முத்து என்று வைத்திருப்பாராம். "நல்ல வேள, அந்தப் புள்ள பொறக்காமத் தப்பிச்சிருச்சு" என்பாய் நீ. அண்ணியிடம் இதைச் சொன்னேன்.

"ஐயோ, அது இன்னும் பழசு லா!" என்று சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சிரிப்பு அழுகையானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தன்விகா, முத்து" என்று சொல்லிப் பார்த்தார். "பொருந்தல." மடித்த துணியையே மறுபடி மடித்தார். "மாணிக்கம், மரகதம், முத்து. ஒங்க ரெண்டு பேரோட பொருந்துது. சரி, அதையே வச்சிரு."

மறுநாள் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னேன். அம்மா எதிர்க்கவில்லை. மூலையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

சென்ற வாரம் தடுப்பூசிக்காக மஸ்ஜித் தானா டவுன் கிளினிக்குக்குப் போனோம். பிள்ளை அம்மாவின் மடியில் இருந்தான். தாதி கதவருகே வந்து அட்டையைப் பார்த்து மலாயில் உரக்கக் கூப்பிட்டார்: "முத்து அனாக் லெலாக்கி மாணிக்கம்!"

மாணிக்கத்தின் மகன் முத்து. இந்த நாட்டில் நம்மை அப்பா பெயரோடு சேர்த்துத்தானே கூப்பிடுகிறார்கள்? அன்றுவரை எனக்கு அது தோன்றவே இல்லை, அண்ணே.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். தாதி மலாய்க்காரர் என்பதுகூட மறந்துபோய்த் தமிழிலேயே கத்தினாள்: "இருக்கான்! இந்தா இருக்கான்!" கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை.

ஒரு நாள் உன் மகன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வருவான், பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று. அடிக்கப் போக நீ இல்லை. எனக்கு அடிக்கவும் தெரியாது, சத்தம் போடவும் வராது. ஆனாலும் அவனுக்கு முன்னால் போய் நிற்பேன், அண்ணே. ஒளிந்துகொள்ள அவனுக்கு என் முதுகு இருக்கும்.

உன் முதுகுக்குப் பின்னால் வளர்ந்த தங்கை,
மரகதம்