ராஃபேலைக் கொடுக்கவில்லை

ஜெராம்,
12-1-1952

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

ஆண்டவர் அருளால் நலமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மலாயா அவசரகாலச் செய்திகளைப் படித்துக் கலங்காதே. கொரில்லாக்கள் நுழையாதபடி எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் காற்பந்துப் போட்டிகள் தொடங்குகின்றன. பக்கத்துத் தோட்டத்தார் ஒரு முன்வரிசை ஆட்டக்காரனைத் தருவதாகச் சொல்லி, பதிலுக்கு எங்கள் கோல்கீப்பர் ராஃபேலைக் கேட்டார்கள். போனால் அவன் வேலையும் அங்கேதான். அவன் மனைவி டொரீனுக்கோ இது எட்டாம் மாதம்.

"போன வருஷம் பதினோரு கோல் விட்டான், கொடுத்திடலாம் லா!" என்றார், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அமலதாஸ். குழுவைப் பற்றிப் பேசக் கூடியிருந்த கூட்டமும் தலையாட்டியது.

நானோ கணக்கெழுதும் கிராணி. ஆனாலும் எழுந்து, ஆட்டந்தோறும் நான் குறித்து வைத்திருந்த நோட்டைப் படித்தேன். பதினொன்றில் எட்டு கோல், பின்வரிசையில் நிற்க வேண்டிய மண்டோரே பந்தைத் துரத்தி முன்னால் ஓடியபோது விழுந்தவை.

ஒரே சிரிப்பு. "கிராணி ஐயா, இத்தனை வருஷமா வாயே திறக்கல, திறந்ததும் என்னையா கடிக்கணும்?" என்றார் மண்டோர், தானும் சிரித்தபடி.

ராஃபேல் இங்கேயே இருக்கிறான். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், ஃப்ளோரா! நான் பேசியது சரிதானே?

நோட்டு தீர்ந்துவிட்டது. கோடு போட்டதாக ஒன்று அனுப்பு. முதல் பக்கத்தில் நீ ஏதாவது எழுதிவை. ஊரடங்குச் சங்கு ஊதுகிறது, முடிக்கிறேன்.

உன்,
சவரிமுத்து