ஒரே கம்பியில் தொங்கிய ஊர்

மச்சான், எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். பூமி ஆடும், கரண்ட் போகும், டேங்க் காலியாகும், போன் ஊமையாகும் என்று வரிசை மாறாமல் சொன்னேன். இன்று காலையும் கரண்ட் போனது. முதுநகர்த் தெருக்குழாய் இரண்டு முறை இருமி, காற்றைத் துப்பி நின்றது. குடத்தோடு நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டேன்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பூமி லேசாக ஆடியதும், ஊர் டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஆபரேட்டரான நீ மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே ஓடி வந்தாய். அப்புறம் கடல் வந்தது, கரண்ட் போனது. பாதி டேங்க் தண்ணீர் மத்தியானமே தீர்ந்தது. காயம் கழுவத் தண்ணீர் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"நிறுத்தாம இருந்தா ரொம்பியிருக்கும் மாமா."

அன்றிலிருந்து, பூமி ஆடினால் முதலில் டேங்க் என்பது உன் சட்டம்.

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில் கூட்டம் போட்டு, பம்புக்கு ஜெனரேட்டர் தருவதாகச் சொன்னார்கள். எட்டாவது படித்த நான் எழுந்து, "டீசல் பங்க்லேருந்து வரும், பங்க்குக்குக் கரண்டு எங்கேருந்து வரும்?" என்றேன். பெரிய அதிகாரியே எழுந்து நின்றுவிட்டார்.

"அவரு பாத்ரூம் போக எந்திரிச்சாரு மாமா" என்று நீ ஊரெல்லாம் சொன்னாய்.

இந்த வருஷம் பங்குனிக் கடைசியில் மறுபடி ஆடியது. நான் சிதம்பரத்தில் மோட்டார் சுற்றச் செம்புக் கம்பி வாங்கிக்கொண்டிருந்தேன். கடல் வருதென்று ஊரே மேற்கே ஓடியது. நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடும் நீ கிழக்கே, பம்ப் ரூமுக்கு ஓடினாய். உன் அக்கா, என் வீட்டுக்காரி, கையைப் பிடித்திருக்கிறாள்.

"கரண்டு போறதுக்குள்ள ரொப்பிட்டு வந்துடறேன்க்கா, வுடு."

நீ போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அந்தக் கூட்டத்துக்குப் பின் வந்து, பேட்டரி செத்துக் கிடந்த ஜெனரேட்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி, அங்கேயே விழுந்தாய். பார்த்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்; லைன் கிடைக்கவில்லை. ரோட்டில் ஜனம் அடைத்து நின்றது. கடல் வரவே இல்லை.

ஆஸ்பத்திரி, செல் டவர், பம்ப் மூன்றும் இன்னும் ஒரே கரண்ட் கம்பியில்தான் தொங்குகின்றன. "மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்ற மாட்டார்கள். இதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

உன் பெண்டாட்டியிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் நீ எனக்குத்தான் போன் செய்தாய், "டேங்க் ரொம்பி வழியுது மாமா" என்று சிரித்தாய் என்று. உன் உடம்புக்குப் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தவள் அதைக் கேட்டுத்தான் அழுதாள். இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், நானும் தலையாட்டுகிறேன்.

போன் எதுவும் வரவில்லை மச்சான். மறுநாள் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். டேங்க்கில் முழங்கால் அளவுகூட இல்லை.