ஒரு முழம்

1912 பிப்ரவரி 2, வெள்ளி

அறுப்பு முடிந்த வயல்மேல் இன்று சூறைக்குருவிகள். ஆயிரம் இருக்கும். புகை திரும்புவது போல அத்தனையும் ஒன்றாகத் திரும்புகின்றன. குழந்தை ரஞ்சிதம் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“ராஜாக் குருவி ஒண்ணு முன்னால போகும்ளா” என்றார் இவர். ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை; ஒவ்வொன்றும் பக்கத்துக் குருவியைப் பார்த்துத் திரும்புகிறது, முதலில் எது திரும்பினாலும் போதும் என்றேன்.

“எப்.ஏ. படிச்சவ சொன்னா சரிதான்” என்று சிரித்தார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

தேவாலய ஆராதனையில், பெண்கள் பாயில் எனக்குப் பக்கத்தில் தேவமணி. புருஷன் கொழும்பில், பையனோடு தனியாக இருப்பவள். பையன் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ஊரில் வைசூரி என்று பேச்சு. என் கை தானாக ரஞ்சிதத்தை இழுத்துக்கொண்டது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

என்னைப் பார்த்து, தேவமணிக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெபகனி நகர்ந்தாள். அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள். சங்கீதம் முடிவதற்குள் பாயில் தேவமணியும் பையனும் மட்டும். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

பிப்ரவரி 6

கிணற்றடியில் தேவமணியை வாளி தொட விடவில்லையாம். பால்காரியும் அவள் வீட்டுக்குப் போவதில்லை.

பிப்ரவரி 8

ஆஸ்பத்திரியில் பையனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வைசூரி இல்லை, வெறும் கரப்பான் சொறி. ஓடிப்போய் ஜெபகனியிடம் சொன்னேன்.

“அப்ப நீங்க எதுக்குக்கா மொதல்ல ஒதுங்கினீங்க? படிச்சவங்க சும்மா ஒதுங்குவாங்களான்னுதானே நாங்களும் நவுந்தோம்.”

இவரிடம் சொன்னேன். “தள்ளித்தானே உக்காந்த. அடிச்சியா, ஏசினியா?”

அடித்திருந்தால் யாராவது என் கையைப் பிடித்திருப்பார்களே. பிள்ளைக்காரி, பயந்துட்டேன் — அவளும் பிள்ளைக்காரிதானே? பிள்ளைக்கு என்னாச்சுளான்னு ஒரு வார்த்தை கேட்டேனா? என்ன படிச்சு என்ன.

பிப்ரவரி 9

தேவமணி உடன்குடிக்கு, தாய்வீட்டுக்கே போய்விடப் போகிறாளாம்.

சாயங்காலம் ஒரு குருவி மட்டும் கூட்டத்தை விட்டு மரத்துக்குத் திரும்பியது. ஒன்றுகூட அதைப் பின்தொடரவில்லை. பயந்து திரும்பினால்தான் எல்லாம் திரும்புமோ?

பிப்ரவரி 11, ஞாயிறு

முதலிலேயே போய் தேவமணி பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை. மன்னிச்சிரு தேவமணி என்றேன்.

“வண்டிக்குச் சொல்லியாச்சுக்கா.”

ரஞ்சிதம் தவழ்ந்துபோய்ப் பையன் காலைப் பிடித்தாள். தேவமணி அவனை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

அவள் நகர்ந்ததைப் பார்த்து யாரும் நகரவில்லை.