ஏழு ஜோடி ஷூவும் ஒரு செண்பக மரமும்

ஜனவரி 28, செவ்வாய்

இன்று மானம் போனது. கடைக்கு வந்த சென்னைப் பையன், "பாய், இந்த ட்ரெக்கிங் ஷூ தாங்குமா?" என்றான். "இதப் போட்டுத்தான் வெள்ளகவிக்குப் பன்னெண்டு தடவ எறங்கி ஏறியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மேல்தட்டுப் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். இறங்கியபோது பேச மூச்சில்லை. தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஷூ வாங்கவில்லை.

ஸ்வெட்டர் அடுக்கிக்கொண்டிருந்த மகள் அல்மாஸ் சிரித்த சிரிப்பில் அடுக்கே சரிந்தது. "பன்னெண்டு தடவயா அத்தா?"

நாயுடுபுரத்தில் பிறந்து ஐம்பத்திரண்டு வருஷம். வட்டக்கானலைத் தாண்டி, வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் காட்டுப்பாதையில் நான் நடந்ததே இல்லை.

ஜனவரி 30, வியாழன்

அல்மாஸ் விஷயம் மண்டையைக் குடைகிறது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும், டவுன் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் ஒரு மன்றத்தோடு திரிகிறாள். மரம், பறவை, மலையூர்ப் பாட்டு, பழக்கவழக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாம். இப்போது அவளையே முழுநேரமாக நடத்தக் கேட்கிறார்கள். திண்டுக்கல்லில் என் தங்கை வீட்டுக்காரர் ஆபீஸ் வேலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். நிழலில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை!

"நீங்க மனசாரச் சரின்னாத்தான் அத்தா. இல்லாட்டி திண்டுக்கல்லுக்கே போறேன்" என்கிறாள். சண்டை போட்டாலாவது பதிலுக்குக் கத்தலாம்.

"காட்டுக்குள்ள அத்தன பிள்ளைகள ஒத்தையா எப்படிச் சமாளிப்பா?" என்றேன். என் வீட்டுக்காரி ரஹ்மத்து அடுப்படியிலிருந்தே, "கூடப் போய்த்தான் பாருங்களேன். பன்னெண்டோட பதிமூணு" என்றாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டாள், பாவி மகள்.

ஞாயிறு அவர்களோடு வெள்ளகவிக்குப் போகிறேன். திங்கட்கிழமை பதில்.

பிப்ரவரி 1, சனி

பெரிய மனசு பண்ணி, நல்ல ஷூ இல்லாத ஆறு பிள்ளைகளுக்குக் கடையிலிருந்தே கொடுத்தேன். எனக்கும் ஒன்று. கொரோனாவுக்கு முன்னால் வந்த சரக்கு. பார்க்கப் புதுசு.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெள்ளனே எழுந்தாச்சு. ஷூ பளபளக்கிறது. யாராவது போட்டோ எடுத்தால் நல்லது.

பிப்ரவரி 3, திங்கள்

கால் என்னுடையதாக இல்லை.

நேற்று வட்டக்கானலிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, முதல் ஷூவின் அடிப்பாகம் கழன்றது. அப்புறம் வரிசையாக. "ஏலே முத்துராஜு, பாய் மாமா ஷூவும் வாயத் தொறந்துருச்சு!" என்று ஷர்மிளா காடே கேட்கக் கத்தினாள். ஆறாவது படிக்கிற பிள்ளை. அல்மாஸ் முகம் மாறவில்லை. பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தாள் - அத்தாவின் சரக்கு அவளுக்குத் தெரியாதா? எனக்கு ஷர்மிளாதான் கட்டிவிட்டாள். "கால ஆட்டாதீங்க மாமா!"

வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சாமி மண். எல்லையில் எங்களை எதிர்கொண்ட சோலையம்மாள், "பாய், கழட்டிட்டு வாங்க" என்றார்.

"நான் எங்கம்மா கழட்ட? அதுவே கழண்டுருச்சு."

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏழு ஜோடியும் எல்லையில் வாயைப் பிளந்து கிடந்தன. நேற்று நான் நிம்மதியாக நடந்தது அந்த ஊருக்குள் மட்டும்தான். சோலையம்மாள் ஒரு கும்மிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். டவுனில் கூப்பிட்டால் தலையைக் குனிகிற முத்துராஜ் முன்னால் நின்று பாடினான். அல்மாஸ் அவனைக் கூப்பிடக்கூட இல்லை. பக்கத்தில் போய்க் கை தட்டினாள், அவ்வளவுதான்.

ஏறும்போதுதான் வினை. மறுபடி சணல் கட்டு. என் நெஞ்சு ஓட்டை ஹார்மோனியம். நல்லவேளை, அல்மாஸ் அடிக்கடி நின்றாள். "எல்லாரும் நில்லுங்க, இது காட்டுச் செண்பகம்." கொஞ்ச தூரத்தில் மறுபடி, "இந்தா, செண்பகம்." மரத்தின் மேல் இவளுக்கு இவ்வளவு பைத்தியமா என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது செண்பகத்தில் ஷர்மிளா விடவில்லை.

"இத ஏற்கனவே ரெண்டு தடவ காட்டிட்டீங்க அக்கா."

"மறந்துறக் கூடாதுல்ல? உக்காந்து எலைய வரைங்க. வெரசா வேணாம், மெதுவா."

பிள்ளைகள் குனிந்து வரைந்தார்கள். நான் கல்லில் உட்கார்ந்தேன். அல்மாஸ் மரத்தைப் பார்க்கவில்லை. என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சட்டென்று ஷூ கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். மூச்சு அடங்கியதும் அவள் குரல்: "சரி, கெளம்பலாம்."

பதில் சொல்லவேண்டிய நாள் இன்று. கால்வலி என்று போர்வைக்குள் படுத்துத் தப்பினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

படி இறங்கினேன். பின்பக்கமாக.

பிப்ரவரி 5, புதன்

மீதி ஷூவையெல்லாம் தட்டிலிருந்து இறக்கிவிட்டேன். திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு, "வேற ஆளப் பாத்துக்கங்க மாப்ள, எம் பிள்ளைக்கு இங்கயே சோலி கெடக்கு" என்றேன். அல்மாஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னத்தப் பாத்து அத்தா மனசு மாறுனீங்க?"

"ஒனக்கு மரமெல்லாம் நல்லாத் தெரியுது" என்றேன்.

மூன்றாவது செண்பகத்தில் அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.