வாயைக் கட்டிய படம்

அன்பு மகன் வாலுவுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எங்களைப் பற்றி நீ ஏஐயை வைத்துப் போட்டிக்கு எடுத்த படத்தைப் பார்த்தோம். கேமரா வேண்டாம், நடிகர் வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும், மிஷினே படமாக்கிவிடும் என்றாய். அது உன் எழுத்தை அப்படியே நம்பிவிட்டதடா. "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்னை வளர்த்தார்கள்" என்று நீ உருகி எழுத, அது என் வாயில் துணியையும் அப்பா வயிற்றில் கயிற்றையும் கட்டி, இரண்டு பேரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. உன் சித்தி பாதிப் படத்திலேயே போன் போட்டு, "அக்கா, யாரு உங்கள கடத்துனது, போலீசுக்குச் சொல்லியாச்சா" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது. மாற்றடா என்றால், போட்டி நடுவர்கள் அதைத்தான் மௌனமாக்கப்பட்ட தாய்மையின் குறியீடு என்று பாராட்டினார்கள், இனிமேல் கை வைக்க முடியாது என்கிறாய். அவர்கள் பாராட்டும் முன்பு நீ அதைக் கவனித்தாயா என்று மட்டும் உண்மையைச் சொல். அது போகட்டும், நாங்கள் எப்போது வயிற்றைக் கட்டினோம்? அப்பாவுக்கு வருஷா வருஷம் பெல்ட் எட்டாமல் போனதுதான் மிச்சம். நானோ பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். வாயைத் திறந்துதான் உன்னை வளர்த்தேன். அப்பாவைக் கேட்டால், "படத்துலயாவது நடந்துதே" என்று என் வாயைக் கட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்.

அடுத்த மாதம் நம் ஊர் அரங்கிலும் போடுகிறார்களாம். டிரைவர், கண்டக்டர் எல்லோரும் குடும்பத்தோடு வருகிறார்கள். என் குரலைக் கேட்டே வண்டியை எடுக்கிறவர்கள் முன்னால் நான் பரிதாபமாக உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அதைவிட அதிகமாக வருத்தம் வருகிறது. என்னைப் பற்றி அந்த மிஷினிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாய், என்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேனே.

படம் இங்கே வருவதற்குள் என் வாய்க்கட்டை அவிழ்த்துவிடு. இல்லையென்றால் அந்தக் காட்சி வரும்போது எழுந்து நின்று நானே பேசுவேன், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். நோய் நொடி இல்லாமல், நல்ல பெயரோடு நீடூழி வாழ எங்கள் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் போனை எடு.

இப்படிக்கு,
உன் படத்துக்கு வெளியே இன்னும் பேசிக்கொண்டிருக்கும்
அம்மா